நம்ம மண்ணுதான்... ஆனாலும் சீட்டு வேணும்!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், உள்கடன் தவணை எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மேடம், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. தலையாரி கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு. மூணு நாளாச் சோறு எறங்கல."

தாலுகா ஆபீசில் இருந்து வந்த நோட்டீஸ் அது. அவர் பேரில் பட்டா உள்ள புஞ்சை நிலத்தில் அனுமதி இல்லாமல் மண் வெட்டி வெளியே கொண்டு போயிருக்கிறார்கள், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும், எடுத்த மண்ணுக்கு உரிய தொகையைக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். அக்காவின் நிலம் கொஞ்சம் மேடு. தெரிந்தவர் ஒருவர் வந்து, "மேடா கெடக்குதே, மழத் தண்ணி நிக்காதே. நாங்க மெஷின் வச்சு சமமாக்கித் தர்றோம். உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல. மிஞ்சுற மண்ண மட்டும் நாங்க எடுத்துக்கிறோம்" என்றிருக்கிறார். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். நாலு ராத்திரி மெஷின் ஓடியது. லாரிகள் போயின, வந்தன. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நிலம் சமமாகவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குப் பள்ளம்! வந்தவர் போனை எடுப்பதில்லை. நோட்டீஸ் மட்டும் அக்கா பேருக்கு வந்துவிட்டது.

"என் நெலத்து மண்ண எடுத்ததுக்கு நான் எதுக்கு மேடம் ஆபீசுக்குப் பதில் சொல்லணும்?" என்று அவர் கேட்டார். கூட்டத்தில் இருந்த யாருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேட்டு, சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்திப் பேசுங்கள்.

1. மண்ணுக்கும் சட்டமா?

ஆமாம். தங்கம், நிலக்கரி மட்டும் கனிமம் இல்லை. நாம் காலால் மிதிக்கிற மண்ணும் சட்டத்தின் கண்ணில் கனிமம்தான். கிராவல், களிமண், ஆற்று மணல் எல்லாம் 'சிறு கனிமம்' என்ற பிரிவில் வருகின்றன. ரோடு, ரயில் பாதை, கட்டடம் இவற்றுக்கு நிரப்பவும் சமப்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணையும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி மத்திய அரசு சிறு கனிமம் என்று அறிவித்தது.

இரண்டு பெயர்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். இது நாடு முழுவதற்கும் பொது. அனுமதி இல்லாமல் கனிமத்தை வெட்டக்கூடாது, வண்டியில் கொண்டு போகக்கூடாது, குவித்து வைக்கவும் கூடாது என்று இது சொல்கிறது.

இரண்டாவது, 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். நம் மாநிலத்தில் யாரிடம் அனுமதி கேட்பது, எதற்கு இலவசம், எதற்குப் பணம் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. பெயரிலேயே 'சலுகை' இருக்கிறது பாருங்கள். விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் நல்ல சலுகைகள் இதில் உண்டு. நாம் கேட்டு வாங்காததால் அது நமக்குத் தெரிவதில்லை.

"பட்டா என் பேர்லதானே இருக்கு?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பட்டா இருந்தால் நிலத்தில் உழலாம், விதைக்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி வெளியே அனுப்பினால் அது விவசாயம் இல்லை, குவாரி வேலை. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையும் உண்டு. பட்டா நிலமாக இருந்தாலும் இதேதான்.

2. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?

இதை ஒரு கோடு போட்டுப் புரிந்துகொள்ளலாம். மண் நம் நிலத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறதா, எல்லையைத் தாண்டி வெளியே போகிறதா? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எல்லைக்குள்: உழவு ஓட்டுவது, வரப்பு போடுவது, பாத்தி கட்டுவது, மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போட்டுச் சமப்படுத்துவது எல்லாம் அன்றாட விவசாய வேலை. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டி, அந்த மண்ணையே அதே மனையில் நிரப்பினால் அதைக் கனிமம் என்று சொல்லித் தொகை கேட்க முடியாது. மகாராஷ்டிராவில் இருந்து போன ஒரு வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பு சொன்னது. அதே மனையில் பயன்படுத்தினால் என்பதை மறக்காதீர்கள். தோண்டிய மண்ணை வெளியே விற்றால் இந்தத் தீர்ப்பு நமக்கு உதவாது.

எல்லைக்கு வெளியே: மண் ரோட்டில் ஏறினாலே சீட்டு வேண்டும். விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி. வண்டி எங்கிருந்து எங்கே போகிறது, என்ன மண், எவ்வளவு என்று எழுதிய நடைச்சீட்டு டிரைவர் கையில் இருக்க வேண்டும்.

அரசு இடம், புறம்போக்கு, ஓடை, வாய்க்கால், கண்மாய்: இங்கே ஒரு கூடை மண் என்றாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதேபோல ஓடையிலும் வாய்க்காலிலும் மண்ணைக் கொட்டித் தூர்ப்பதும் தப்பு. அது ஆக்கிரமிப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் அடுத்தவர் வீட்டுக்குள் போகும்.

இன்னொன்று: தோண்டும்போது சர்வே கல்லைப் பிடுங்கவோ நகர்த்தவோ கூடாது. பக்கத்து நிலத்தின் வரப்பை ஒட்டி ஆழமாக வெட்டவும் கூடாது. அவர்கள் மண் சரிந்து நம் பள்ளத்தில் விழுந்தால் வம்பு நம் வாசலுக்கு வரும்.

கிணறு வெட்டுவது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2016 ஜனவரி 15-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சில வேலைகளுக்குச் 'சுற்றுச்சூழல் அனுமதி' என்ற பெரிய அனுமதி வேண்டாம் என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறது. விவசாயத்துக்கோ குடிநீருக்கோ கிணறு வெட்டுவது, மண்பாண்டம் செய்பவர்கள் கையால் களிமண் எடுப்பது, வெள்ளத்தில் வயலில் வந்து படிந்த மணலை விவசாயி அகற்றுவது, ஊர்க் குளத்தைத் தூர்வாருவது போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பெரிய அனுமதி வேண்டாம் என்பதற்காக, தாலுகா ஆபீசில் வாங்க வேண்டிய சின்ன அனுமதியும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு, இது வேறு.

3. கண்மாய் வண்டல்: இலவசமாக எடுக்கலாம்!

இதுதான் நமக்கு முக்கியமான பகுதி. நல்லாக் கேளுங்க.

கண்மாய், ஏரி, குளம் வற்றிக் கிடக்கும்போது அடியில் படிந்திருக்கும் வண்டல், கரம்பை மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமாக எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. 2017-ல் இதற்காக விதியைத் திருத்தி, யாருக்கு எவ்வளவு என்று அளவும் சொன்னார்கள்.

நஞ்சை நிலம், ஏக்கருக்கு: 75 கன மீட்டர் (25 டிராக்டர் லோடு)
புஞ்சை நிலம், ஏக்கருக்கு: 90 கன மீட்டர் (30 டிராக்டர் லோடு)
மண்பாண்டத் தொழிலுக்கு: 60 கன மீட்டர் (20 டிராக்டர் லோடு)
சொந்த வீட்டு உபயோகத்துக்கு: 30 கன மீட்டர் (10 டிராக்டர் லோடு)

முன்பு இந்த அனுமதிக்குக் கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போட்டுப் போய், "அய்யா இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பிய பெண்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். 2024-ல் அரசு இதை எளிதாக்கியது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் மண், களிமண் எடுக்க அந்தந்தத் தாலுகா தாசில்தாரே அனுமதி தரலாம். விண்ணப்பத்தை அரசின் இ-சேவை இணையதளம் வழியாகப் போடலாம்.

எந்தக் கண்மாயிலும் போய் வெட்டலாம் என்று இல்லை. மண் எடுக்கலாம் என்று மாவட்ட அரசிதழில் அறிவித்த கண்மாயாக இருக்க வேண்டும். நம் தாலுகாவில் எந்தெந்தக் கண்மாய் பட்டியலில் இருக்கிறது என்பதை வி.ஏ.ஓ.விடமோ தாலுகா ஆபீசிலோ முதலில் கேளுங்கள்.

4. எப்படி விண்ணப்பிப்பது?

முதல் படி: பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், போன் நம்பர் எல்லாம் கையில் எடுத்து வையுங்கள். சர்வே நம்பரும், எத்தனை ஏக்கர் எத்தனை சென்ட் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மண்பாண்டம் செய்பவர்கள் தங்கள் தொழிலுக்கான சான்றை வைத்திருங்கள்.

இரண்டாம் படி: எந்தக் கண்மாய், எவ்வளவு மண், எதற்காக என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். விண்ணப்பம் போட்டதும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த நம்பர் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

மூன்றாம் படி: வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். நிலத்தைக் காட்டச் சொன்னால் நீங்களே போய்க் காட்டுங்கள். "வீட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால், "பட்டா என் பேர்ல இருக்குங்க, நானே வர்றேன்" என்று சொல்லுங்கள்.

நான்காம் படி: தாசில்தார் உத்தரவு வந்ததும் அதை முழுசாகப் படியுங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எவ்வளவு ஆழம், எத்தனை லோடு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தாண்டக்கூடாது.

ஐந்தாம் படி: உத்தரவை இரண்டு நகல் எடுங்கள். ஒன்று டிராக்டர் டிரைவரிடம், ஒன்று உங்களிடம். ஒரு நோட்டில் தேதி, வண்டி நம்பர், லோடு எண்ணிக்கை எழுதி வையுங்கள். சேமிப்பு நோட்டு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா என்ன?

மண் எடுக்கும்போது கரை, மடை, கலிங்கு பக்கம் மெஷினைக் கொண்டு போகவே கூடாது. கரை ஓரத்தில் வெட்டினால் முதல் மழைக்கே கரை உடையும். மண்ணுக்கு ஆசைப்பட்டு, மண்ணை நனைக்கிற தண்ணீரை இழந்துவிடக் கூடாது.

5. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டிரைவர்கள் 'யூனிட்' என்பார்கள், ஆபீசில் 'கன மீட்டர்' என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நாம் ஏமாந்துவிடக் கூடாது.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு கன மீட்டர் என்றால் ஏறக்குறைய 35 கன அடி. அரசுக் கணக்கில் ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர். அதாவது கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

கணக்கு 1: ஒரு உறுப்பினருக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. எவ்வளவு எடுக்கலாம்? 90 × 2 = 180 கன மீட்டர். 180 ÷ 3 = 60 லோடு.

கணக்கு 2: இன்னொருவருக்கு 40 சென்ட் நஞ்சை. 100 சென்ட் ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 75 என்றால் 40 சென்ட்டுக்கு 30 கன மீட்டர். 10 லோடு.

கணக்கு 3: முதலில் சொன்ன அக்கா நிலத்துப் பள்ளத்தை நாங்கள் கயிறு பிடித்து அளந்தோம். நீளம் 40 அடி, அகலம் 30 அடி, ஆழம் 10 அடி. 40 × 30 × 10 = 12,000 கன அடி. 100-ஆல் வகுத்தால் 120 யூனிட்! "கொஞ்சம் மிஞ்சுற மண்ணு" என்று சொல்லி 120 டிராக்டர் மண்ணைக் கொண்டு போயிருக்கிறார்கள். அக்கா கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

6. வண்டலால் என்ன லாபம்?

கண்மாய் வண்டலில் மக்கிய இலை தழையும் மெல்லிய களியும் கலந்திருக்கும். செம்மண், மணற்பாங்கான நிலத்தில் இதைப் போட்டால் ஈரம் நின்று பிடிக்கும். ஒரு தண்ணீர் தவறினாலும் பயிர் தாங்கும். சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்திருக்கும்போது எடுத்து, நிலத்தில் பரப்பி, கோடை உழவில் கலந்துவிடுவது நல்லது.

எல்லா நிலத்துக்கும் இது ஒத்துவராது. ஏற்கெனவே கெட்டிக் களிமண்ணாக, தண்ணீர் தேங்குகிற நிலமாக இருந்தால் மேலும் களியைப் போட்டு வடிகாலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சில கண்மாய்களில் உப்பு இருக்கும். ஒரு கிலோ மண்ணை எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் கூட்டமைப்பில் ஒரு குழுவில் ஆறு பேர் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி உத்தரவு. ஆனால் டிராக்டர் வாடகையை மட்டும் சேர்த்துப் பேசினார்கள். தனியாகப் பேசினால் ஒரு லோடுக்குக் கேட்ட வாடகையை, ஆறு பேரும் சேர்ந்து கேட்டதும் டிரைவர் குறைத்துக்கொண்டார். மண் இலவசம், செலவு வண்டிக்கு மட்டும்தான். வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டபோது டிரைவர் உத்தரவைக் காட்டினார், அவர்கள் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். "சீட்டு கையில இருந்தா நெஞ்சு படபடக்காது மேடம்" என்று அந்தக் குழுவின் ஊக்குநர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

7. அனுமதி இல்லாமல் எடுத்தால்?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியையும் மெஷினையும் பறிமுதல் செய்யலாம். எடுத்த மண்ணைத் திரும்பக் கேட்கலாம், அது விற்றுப் போயிருந்தால் அதன் விலையை வசூலிக்கலாம். 2015-ல் செய்த திருத்தத்தின்படி ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.

குழுக் கடன் வாங்கி டிராக்டர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். டிரிப்புக்கு நல்ல வாடகை தருகிறேன், ராத்திரி மட்டும் ஓட்டினால் போதும் என்று யாராவது வந்தால், முதலில் சீட்டைக் கேளுங்கள். வண்டி பிடிபட்டால் மண் எடுத்தவர் ஒதுங்கிவிடுவார். வண்டி ஸ்டேஷனில் வெயிலில் நிற்கும். தவணை மட்டும் மாதாமாதம் நிற்காமல் வரும்.

8. கையெழுத்துப் போடும் முன்...

இப்போது பல நிலங்கள் பெண்கள் பேரில் இருக்கின்றன. ரொம்பச் சந்தோஷம். இதற்காகத்தான் நாம் இத்தனை வருடமாகப் பேசி வருகிறோம். ஆனால் பட்டா நம் பேரில் என்றால் நோட்டீசும் நம் பேரில்தான் வரும். அதனால்:

- வெள்ளைத் தாளிலோ, எழுதாத பத்திரத்திலோ கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம். அண்ணன் கேட்டாலும், கொழுந்தன் கேட்டாலும், வீட்டுக்காரரே கேட்டாலும், "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடுறேன்" என்று சொல்லுங்கள்.

- "இலவசமா சமப்படுத்தித் தர்றோம்" என்றால் உஷார். மெஷினுக்கு மணிக்கணக்கில் டீசல் எரிகிறது. யாரும் சும்மா எரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு லாபம் நம் மண்ணில் இருக்கிறது.

- அனுமதி யார் பேரில், எந்த சர்வே நம்பருக்கு, எவ்வளவு ஆழத்துக்கு என்று காட்டச் சொல்லுங்கள். 'ஆபீஸ்ல பேசியாச்சு' என்பது அனுமதி இல்லை. தாளில் இருப்பதுதான் அனுமதி.

- மேல்மண் போனால் திரும்ப வராது. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மெஷின் அதை ஒரே வாரியில் அள்ளிவிடும். அடிமண்ணில் எள்ளு கூட சரியாக முளைக்காது.

9. தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது?

நோட்டீசைப் பார்த்துப் பயந்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அதில் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதில் இல்லை என்றால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அக்காவுக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம். நடந்ததை நடந்தபடி எழுதினோம். யார் வந்தார், எந்தத் தேதிகளில் மெஷின் ஓடியது, லாரி நம்பர் யாராவது பார்த்தார்களா, பணம் எதுவும் வாங்கவில்லை என்பது எல்லாம். பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவின் பேரன் செல்போனில் எடுத்த போட்டோவையும் சேர்த்தோம். குழுவின் தலைவி, செயலாளர், நான் மூவரும் கூடப் போய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவர் மீது போலீசில் தனியாகப் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அக்காவின் விசாரணை இன்னும் முடியவில்லை. அவர் கறவை மாட்டுக்கு வாங்கிய உள்கடனில் மூன்று தவணை நின்றுவிட்டது. போன கூட்டத்தில் குழு பேசி, அந்தத் தவணைகளைக் கடைசியில் சேர்த்துக் கட்டலாம் என்று தீர்மானம் போட்டது. "எனக்கு வந்தது நாளைக்கு யாருக்கும் வரலாம்னு நெனச்சுப் போட்டீங்க, நல்லாருப்பீங்க" என்று சொல்லி அவர் அழுதுவிட்டார். பள்ளத்தைச் சுற்றி உறுப்பினர்களே போய் முள்வேலி போட்டு வந்தார்கள். மழை பெய்தால் அது நிறைந்து நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடு மேய்க்க வருகிற இடம் அது. உங்கள் ஊரிலும் இப்படிப் பள்ளம் இருந்தால் இந்த வாரமே வேலி போடுங்கள், ஊராட்சிக்கும் எழுதிக் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு நிலம் தங்கள் பேரில் இருக்கிறது? சர்வே நம்பர் எல்லோருக்கும் தெரியுமா?

2. நம் ஊர்க் கண்மாய் மண் எடுக்க அறிவித்த பட்டியலில் இருக்கிறதா? யார் போய்க் கேட்டு வருவது?

3. வண்டல் தேவைப்படும் உறுப்பினர்கள் யார், யார்? அவரவருக்கு எத்தனை லோடு? (கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுப் பாருங்கள்.)

4. ராத்திரியில் மெஷின் ஓடினால் யாருக்குத் தகவல் சொல்வது? வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், போலீஸ் நம்பர்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோமா?

நினைவில் வைக்க மூன்று:

எல்லை தாண்டும் மண்ணுக்குச் சீட்டு வேண்டும்.
கண்மாய் வண்டல் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசம், ஆனால் தாசில்தார் உத்தரவோடு.
படிக்காமல் கையெழுத்து இல்லை.

அந்த அக்கா இப்போது எந்தத் தாளைக் கண்டாலும், "இரு, எங்க குழுவுல படிச்சுக் கேட்டுட்டு வர்றேன்" என்கிறாராம். நாமும் அப்படியே சொல்லப் பழகுவோம். அடுத்த மாதப் பாடத்தில், பட்டாவில் பெயர் மாற்றம் செய்வது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளைக் குழுப் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.